சைக்கிளும் போகக் கூடாது

நிக்கானோருக்கு வாய் நீளம். யானாகக்கா ஊரில் இதை மறுத்துப் பேச ஒரு ஆள் கிடைக்காது. ஊர்க்கூட்டத்தில் மற்றவர்கள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கோக்கா இலையை மென்றபடி உட்கார்ந்திருப்பார்கள். இவன் மட்டும் மூன்று தடவையாவது எழுந்து நிற்பான். எழுந்தால் சும்மா உட்காரவும் மாட்டான். எதையாவது சொல்லி, அதை ஊர்ப் புத்தகத்தில் எழுத வைத்துவிட்டுத்தான் உட்காருவான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்த கூட்டத்திலும் அப்படித்தான். விஷயம் ஏரி. மேட்டில் இருக்கும் ஏரித் தண்ணீரைக் குழாய் போட்டு, பள்ளத்தாக்கில் வரப்போகும் ஒரு பெரிய ஓட்டலுக்குக் கொண்டுபோக ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. தண்ணீர் போனால் பதினோரு ஊருக்கு உருளைக்கிழங்கும் கிடையாது, அவரையும் கிடையாது. சாலையை மறிப்பது என்று பதினோரு ஊரும் முடிவு செய்தன. அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

அப்போதுதான் கூட்டத்துக்குக் கணக்குப்பிள்ளை மாதிரி புத்தகம் எழுதும் லியாந்த்ரோ தொண்டையைக் கனைத்தான்.

"போன தடவை மறிச்சோமே, என்ன ஆச்சு? பஸ்ஸை நிறுத்தினோம். லாரியை நிறுத்தினோம். பதினாலு வெள்ளைக்காரங்க சைக்கிள்ல மணியடிச்சுக்கிட்டு நம்ம மூக்குக்கு முன்னாடியே போயிட்டாங்க. முன்னாடி போய் வழி காட்டினது யாருன்னு நான் சொல்ல மாட்டேன். அவரு இங்கதான் உக்காந்திருக்காரு."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நிக்கானோருக்குக் காது சூடாகிவிட்டது. பதினாறு வருஷமாக வெளிநாட்டுக்காரர்களைச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு பள்ளத்தாக்கு முழுக்கச் சுற்றுவதுதான் அவன் பிழைப்பு. அந்தப் பிழைப்பில்தான் வீட்டுக்குத் தகரக் கூரை வந்தது. ஆனாலும் ஊர் சிரித்தால் தாங்க முடியுமா? எழுந்தான்.

"எழுதுங்க. இந்தத் தடவை சைக்கிளும் போகக் கூடாது. வெள்ளைக்காரன் சைக்கிளானாலும் சரி, என் சைக்கிளானாலும் சரி. சொந்தம், சிநேகம், அவசரம், அழுகை, எதுக்கும் விலக்குக் கிடையாது. ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விட்ட மாதிரிதான்."

"டயரைக் கிழிச்சா போலீஸ் வருமேப்பா" என்றார் ஒருவர்.

"எதுக்குக் கிழிக்கணும்?" என்று கேட்டுவிட்டு நிக்கானோர் வெளியே போய்த் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். கூட்டத்துக்கு நடுவில் அதைத் தலைகீழாக நிறுத்தி, டயரில் காற்று அடைக்கும் இடத்தில் இருக்கும் அந்தச் சின்ன வால்வை இரண்டே திருகில் கழற்றி எடுத்தான். புஸ்ஸென்று காற்று போனது. "இவ்வளவுதான். இதைக் கழட்டி ஒரு தொப்பியில போட்டு வைங்க. சாயங்காலம் திருப்பிக் குடுத்திடுங்க. யாருக்கும் சேதமில்லை, சைக்கிளும் நகராது."

கைதட்டல் ஓய நேரமாயிற்று. எல்லாக் கைகளும் உயர்ந்தன. எங்கே மறித்தால் சுற்றிப்போக வழி இருக்காது என்று கேட்டபோது அதற்கும் அவனே இடம் சொன்னான்: ஏரி வளைவு. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, இன்னொரு பக்கம் தண்ணீர். அதுவும் புத்தகத்தில் ஏறியது.

மறியல் ஒரு திங்கட்கிழமை. அன்றைக்கு நிக்கானோருக்குச் சவாரி கிடையாது. அவன் மகள் யெரால்தினுக்குப் பரீட்சை அதற்கு முந்தைய சனிக்கிழமை. இரண்டையும் மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவ்வளவு வீரமாக எழுந்தான். தனக்கு நோகாது என்று தெரிந்துகொண்டு பேசிய வீரம் அது. அந்தக் கூட்டத்தில் வேறு யாருக்கும் அது தெரியாது. அவனுக்குத் தெரியும்.

*

சனிக்கிழமை காலை ஏழரைக்கு அவன் மொராயில் இருந்தான். இன்கா காலத்து வட்ட வட்டமான படி வயல்கள் கீழே குழிக்குள் இறங்கிப் போவதை, மேலே விளிம்பில் நின்று, இனெக்கேயும் மார்ட்டனும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் ஹாலந்துக்காரர்கள், அறுபதைத் தாண்டியவர்கள். கூடாரம், அடுப்பு, துணி எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு நாலு மாசமாக மலையில் சுற்றுகிறார்கள். இந்தப் பள்ளத்தாக்குக்கு மட்டும் மூன்று நாள் வழித்துணை வேண்டும் என்று நிக்கானோரைக் கூப்பிட்டிருந்தார்கள். முந்தின நாள் ராத்திரி மராஸ் ஊரில் தங்கல். ரேடியோ கேட்காத தங்கல்.

ஃபோன் அடித்தது. யெரால்தின்.

"அப்பா, வேன் வரல."

"வரும். எட்டு மணிக்குத்தானே."

"வராதுப்பா. மறியலை இன்னைக்கு மாத்திட்டாங்க. குழாய் வேலையைத் தொடங்கி வைக்க அதிகாரி இன்னைக்கே வர்றாராம். விடியக்காலம் நாலு மணிக்கு ரேடியோவுல சொன்னாங்க. கல்லெல்லாம் போட்டாச்சு."

நிக்கானோர் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பது அவனுக்கு அவ்வளவு பழக்கமில்லாத காரியம் என்பதால், மறுமுனையில் அவள் பயந்துபோய் "அப்பா? இருக்கீங்களா?" என்றாள்.

குஸ்கோ நகரத்தில் பரீட்சை இரண்டு மணிக்கு. பல்கலைக்கழகத்துக் கதவை ஒரு மணிக்குச் சாத்திவிடுவார்கள். சாத்தினால் சாத்தினதுதான். செவிலியர் படிப்பு. கிராமத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய இடங்களுக்கு, பள்ளி முடித்த இரண்டு வருஷத்துக்குள் எழுத வேண்டும். போன வருஷம் மூன்று மார்க்கில் போய்விட்டது. இது இரண்டாவது வருஷம். இதோடு அந்த வழி அடைத்துவிடும். அவள் அம்மா லியோனார்தா குஸ்கோவில் ஒரு வீட்டில் தங்கிச் சமையல் வேலை செய்கிறாள். ஆளைத் தங்க வைக்க அந்த வீட்டில் அனுமதியில்லை. அதனால்தான் யெரால்தின் பரீட்சை நாள் காலையில் இங்கிருந்து கிளம்ப வேண்டியதாயிற்று.

"மொராய்க்கு ஓடி வா" என்றான். "நான் இருக்கேன்."

நான் இருக்கேன் என்று சொன்னவனுக்கு என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாது.

முக்கால் மணி நேரத்தில் அவள் வந்து நின்றாள். பள்ளிக்கூடச் சீருடைக் கம்பளிச் சட்டை, முதுகில் பை, முழங்கால் வரைக்கும் சேறு. அவளையும் நிக்கானோரையும் மாறி மாறிப் பார்த்த இனெக்கே, புத்தகம் படித்துக் கற்றுக்கொண்ட ஸ்பானிஷில் விசாரித்தாள். அவன் சொன்னான். அவள் மேலே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தன் சைக்கிளில் கட்டியிருந்த மூட்டைகளை அவிழ்த்துப் புல்லில் வைக்க ஆரம்பித்தாள்.

"பெண் பரீட்சை எழுத வேண்டும். என் சைக்கிள் வெறுமனே நிற்கிறது. நாங்கள் இந்தக் குழியை இன்னும் பார்க்கவில்லை. சாயங்காலம் வரைக்கும் பார்க்கலாம்."

மார்ட்டன் இருக்கையின் உயரத்தைக் கடைசி வரைக்கும் இறக்கினார். அப்படியும் யெரால்தினுக்குக் கால் எட்டவில்லை. நின்றுகொண்டே மிதிப்பதாகச் சொன்னாள். நிக்கானோருக்குக் கண் கலங்கியது. நன்றி சொல்ல வாயெடுத்தால் எங்கே அழுதுவிடுவோமோ என்று தன் சைக்கிளின் செயினைத் தடவிப் பார்த்தான்.

மராஸுக்குச் சாலை பிரியும் இடத்தில் முதல் மறியல் இருக்கும். அதற்குச் சிக்காமல் போக ஒரே வழி, இடிந்த இன்கா களஞ்சியங்களை ஒட்டிப் போகும் பழைய கல் பாதை. அங்கே சைக்கிளுக்குத் தடை. காவல்காரன் ருஃபோ வாசலிலேயே நின்றான்.

"பலகையைப் படிச்சியா நிக்கானோர்?"

"அந்தப் பலகையை நட்டப்போ குழி தோண்டினவனே நான்தான்."

"சரி. எனக்கு டீ குடிக்கணும். டீ குடிக்கும்போது நான் வாசலைப் பாக்க மாட்டேன்." சொல்லிவிட்டு ருஃபோ திரும்பிக்கொண்டான். அவனிடம் டீயும் இல்லை, கோப்பையும் இல்லை.

பாதை ஆயிரம் பேர் வேலை செய்து போட்ட பாதை. மனிதக் காலுக்கும் லாமாவுக்கும் போட்டது. படி வரும் இடத்தில் எல்லாம் சைக்கிளைத் தோளில் தூக்க வேண்டும். யெரால்தின் தூக்கினாள். அவளைவிடப் பெரிய சைக்கிள். அவன் உதவிக்குப் போனால் "நேரமாகுதுப்பா, உங்களதைத் தூக்குங்க" என்றாள். சுவர்களின் கல்லெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஊசி நுழைய இடமில்லாமல் நின்றது. வழக்கமாக அந்த இடத்தில் வெளிநாட்டுக்காரர்களை நிறுத்தி, இடுக்கில் நகத்தை விட்டுப் பார்க்கச் சொல்வான். அவர்கள் வியப்பார்கள். இன்றைக்கு அந்தச் சுவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

களஞ்சியங்களைத் தாண்டித் தார்ச்சாலையில் ஏறியபோது ஒன்பதரை. சாலையில் ஒரு வண்டி கிடையாது. கண்ணாடித் துண்டும் கல்லும்தான். யெரால்தின் நின்றபடியே மிதித்தாள். பை ஆடியது. அவள் பின்னால் போன நிக்கானோர் மனசுக்குள் கணக்குப் போட்டான். ஏரி வளைவைத் தாண்டினால் ஆள் காவல் கிடையாது, சாலையில் கல் மட்டும்தான்; அது முடிந்து கார் கிடைக்கும் இடம் பதினாறு கிலோமீட்டர். சைக்கிளில் ஒன்றேகால் மணி. அங்கிருந்து ஏதாவது காரில் நாற்பது நிமிஷம். பன்னிரண்டரைக்குள் கதவு. போய்விடலாம். வளைவை மட்டும் தாண்டினால் போய்விடலாம்.

வளைவில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் மிதித்தான். அங்கே பொறுப்பில் இருப்பது பொனிஃபாசியா. யெரால்தினுக்கு ஞானஸ்நானத் தொட்டியில் தலை பிடித்தவள். குழந்தையின் முதல் முடியை வெட்டியவள். பரீட்சைக்கென்று போன வாரம் கறுப்புப் பேனா ஒன்று வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். ஞானத்தாய் தடுப்பாளா என்று தன்னையே கேட்டுக்கொண்டு, மாட்டாள் என்று தனக்கே பதிலும் சொல்லிக்கொண்டான்.

*

வளைவில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். சாலைக்குக் குறுக்கே மார்பளவு கல். ஓரமாகப் பெரிய பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. பொனிஃபாசியா ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, மடியில் ஒரு ஆணின் தொப்பியை மல்லாத்தி வைத்திருந்தாள். தொப்பிக்குள் நாலைந்து வால்வுகள் கிடந்தன.

"வாங்க கொம்பாத்ரே" என்றாள். பிள்ளைக்கு ஞானத்தாயான பிறகு இருவரும் அண்ணன் தங்கையைவிட நெருக்கம். கொம்பாத்ரே, கொம்மாத்ரே என்றுதான் பேசிக்கொள்வார்கள். "சைக்கிளோட வந்திருக்கீங்க."

"வேற எதோட வர்றது கொம்மாத்ரே? பிள்ளைக்குப் பரீட்சை. ஒரு மணிக்குக் கதவு சாத்திடுவாங்க."

"தெரியும். பேனா வாங்கினவளே நான்தானே." அவள் யெரால்தினைப் பார்க்கவில்லை. "காலையிலேர்ந்து இதே நினைப்புதான். நேத்தே போயிருப்பான்னு நினைச்சேன்."

"கல்லைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லுங்க. ரெண்டு நிமிஷம். கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள போயிடுவோம்."

புத்தகத்தைக் கக்கத்தில் வைத்திருந்த லியாந்த்ரோ பக்கத்தில் வந்தான். கேலி செய்வான் என்று நிக்கானோர் பல்லைக் கடித்தான். கேலி வரவில்லை. "படிக்கட்டுமா நிக்கானோர்?" என்று மெதுவாகக் கேட்டான். "வேண்டாம்னா படிக்கல."

"எனக்கே படிச்சுக் காட்டப்போறியா? எனக்கு மனப்பாடம்."

"நான் ஒருத்தி சரின்னா செல்லாது கொம்பாத்ரே" என்றாள் பொனிஃபாசியா. "ஊர் கைதூக்கி எழுதினது, ஊர் கைதூக்கித்தான் மாத்தணும். ஆளெல்லாம் இங்கயேதான் இருக்காங்க. நீங்களே கேளுங்க. தூக்கினாங்கன்னா முதல் கல்லை நான் உருட்டுறேன்."

நிக்கானோர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். அப்போதுதான் பாறையோரம் உட்கார்ந்திருந்த சத்தூர்னினா கண்ணில் பட்டாள். பக்கத்தில் ஒரு பழைய சைக்கிள், இரண்டு டயரும் தரையோடு ஒட்டி. மடியில் துணி மூடிய பாத்திரம். அவள் மகன் சிறையில் இருக்கிறான். மாசத்தில் ஒரு சனிக்கிழமை, பதினோரு மணி வரைக்கும்தான் பார்க்க விடுவார்கள். ஒரு கால் இழுத்து நடப்பவள், நடந்து போக முடியாது என்பதால்தான் சைக்கிள்.

"உங்களையுமா?" என்றான்.

"ஆறரை மணிக்கே" என்றாள் அவள். "பரவாயில்ல தம்பி. ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்னு நீ சொன்னப்போ நானும்தானே கை தூக்கினேன். சரியாத்தான் சொன்னே." குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. அவள் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். அது நிக்கானோரின் நெஞ்சில் போய்த் தைத்தது.

இருந்தாலும் அப்பன். கேட்டான்.

"ஒரே ஒரு பிள்ளை" என்று ஆரம்பித்தான். பதினோரு ஊருக்கும் தெரிந்த அந்த வாய் குழறியது. "நம்ம ஊர்ப் பிள்ளை. நாளைக்கு உங்களுக்குத்தான் ஊசி போடும். இது... கடைசித் தடவை. நான் தெரியாம பேசிட்டேன். சத்தூர்னினா அக்காவையும் விட்டுடுங்க. ரெண்டு பேரையும். கை தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. சிலர் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் உருளைக்கிழங்குப் பாத்திரத்தைப் போய்க் கிளறினார். விடியலிலிருந்து முன்னும் பின்னும் போக முடியாமல் மாட்டிக்கொண்ட லாரிக்காரர்கள் நாலு பேர் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே ஒரு கல் நகர்ந்தால் அவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பொனிஃபாசியாவின் கை மட்டும் தோள் வரைக்கும் உயர்ந்தது. பிறகு அது தொப்பி விளிம்பைச் சரிசெய்துவிட்டு மடிக்கே திரும்பியது. யாராவது திட்டியிருந்தால் அவனும் பதிலுக்குத் திட்டியிருப்பான். திட்டவும் ஆளில்லை.

"நடந்து போறவங்களைத் தடுக்க எழுதல" என்றாள் பொனிஃபாசியா. "நடந்து போகலாம். சைக்கிளைத்தான் விட முடியாது."

"பதினாறு கிலோமீட்டர் கொம்மாத்ரே."

"தெரியும்."

இரண்டு பேர் வந்து சைக்கிள்களைப் பிடித்தார்கள். நிக்கானோரின் சைக்கிளில் வால்வு உடனே கழன்றுவிட்டது. கூட்டத்தில் பார்த்ததுதானே. இனெக்கேயின் சைக்கிளில் வால்வு வேறு மாதிரி, ஒல்லியாக, உச்சியில் ஒரு குட்டித் திருகோடு இருந்தது. திருகிப் பார்த்தார்கள், அமுக்கிப் பார்த்தார்கள். பொனிஃபாசியாவும் முயன்றாள். அவளாலும் முடியவில்லை.

"இது வராது போலருக்கே" என்றான் ஒருவன்.

"நீங்களே கழட்டுங்க கொம்பாத்ரே" என்றாள் பொனிஃபாசியா தாழ்ந்த குரலில். "இவங்க உடைச்சுடுவாங்க. பாவம், அந்த அம்மாவோட சைக்கிள்."

அவன் சட்டைப் பையில் அதற்கான சின்னக் குறடு இருந்தது. எப்போதும் இருக்கும். குனிந்தான். தன் கை தானாகவே வேலை செய்வதைப் பார்த்தான். முன் சக்கரம். பின் சக்கரம். காற்று போகும் சத்தத்தை யெரால்தின் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வால்வையும் அவனே தொப்பியில் போட்டான்.

"அப்பா" என்றாள் அவள். "மணி பத்து இருபது. வாங்க."

*

ஓடினார்கள். மூவாயிரத்து எழுநூறு மீட்டர் உயரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கும் அங்கே ஓட்டம் ஓட்டமில்லை. இருநூறு அடி ஓடி, இருநூறு அடி நடந்து, மறுபடி ஓடினார்கள். நிக்கானோருக்கு மூச்சு இரைத்தது. மிதித்துப் பழகிய கால் நடையில் பின்னிக்கொண்டது. யெரால்தின் முன்னால் போய், நின்று, திரும்பிப் பார்த்து, மறுபடி போனாள்.

"நீ போ" என்றான். "எனக்காக நிக்காதே."

"தனியாப் போய் கார் பேச எனக்குப் பயமா இருக்குப்பா" என்றாள். அது பொய். அவனை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போக மனமில்லை, அவ்வளவுதான்.

பதினொன்றரைக்கு லியோனார்தா ஃபோன் செய்தாள். "எங்க இருக்கீங்க? நான் பரீட்சைக் கதவுகிட்டதான் நிக்கிறேன். சூப்பு கொண்டுவந்திருக்கேன். சூடா இருக்கு." நடந்துகொண்டிருக்கிறோம் என்று சொன்னபோது, எங்கே நடக்கிறீர்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் நிக்கானோரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. காவல்காரரிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

பன்னிரண்டு ஐந்துக்கு மறுபடி ஃபோன். "பிள்ளைங்க எல்லாம் உள்ள போயிட்டிருக்காங்க." பன்னிரண்டரைக்கு: "காவல்காரர் நல்ல மனுஷன்தான். ஆனா அவரால முடியாதாம்." பன்னிரண்டு ஐம்பதுக்கு: "கொஞ்சம் பேர்தான் வெளியில."

அப்போது மறியல் முடியும் இடத்துக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. அங்கே போனாலும் நாற்பது நிமிஷம். பன்னிரண்டுக்கே இருவருக்கும் இது தெரியும். தெரிந்தும் யார் முதலில் நிற்பது என்று நிற்காமல் நடந்துகொண்டிருந்தார்கள்.

ஒரு மணிக்கு லியோனார்தா பேசினாள். "சாத்திட்டாங்க" என்றாள். அதன் பிறகு அவள் அழுவது மட்டும் கேட்டது. யெரால்தின் ஃபோனை வாங்கி, "அம்மா, சூப்பை நீங்க குடிங்க, ஆறிடும்" என்று சொல்லி வைத்தாள்.

சாலையோரத்தில் உட்கார்ந்தாள். பையைத் திறந்து பரீட்சைக்கு முன்னால் தின்ன எடுத்து வைத்திருந்த வறுத்த சோளத்தையும் சீஸையும் வெளியே எடுத்தாள். பாதியை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான்.

"யெரா" என்றான். "நான் அன்னைக்கு எழுந்திருக்காம இருந்திருந்தா..."

"பேசாதீங்கப்பா" என்றாள். "கொஞ்ச நேரம் பேசாம இருங்க. அது போதும்."

அவன் பேசாமல் இருந்தான். அவளுக்காக அவனால் அன்றைக்குச் செய்ய முடிந்த ஒரே காரியம் அதுதான். சோளத்தை அவள் ஒவ்வொன்றாகக் கடித்துத் தின்று முடித்தாள்.

*

திரும்பி வளைவுக்கு வரும்போது நாலு மணி. தூரத்திலேயே பாண்டு வாத்தியம் கேட்டது. கல்லெல்லாம் ஓரத்துக்குப் போயிருந்தது. ஆட்கள் சோளக்கள்ளைக் கோப்பையில் ஊற்றி, முதல் சொட்டைத் தரைக்குச் சிந்திவிட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்கள். நிக்கானோரைக் கண்டதும் கூட்டம் முழுக்கக் கைதட்டியது.

லியாந்த்ரோ ஓடிவந்து அவன் தோளைப் பிடித்தான். "கையெழுத்துப் போட்டுட்டான். அதிகாரி. குழாய் கிடையாது. ஏரி நம்மளுது. பத்திரிகைக்காரன் எல்லாம் படம் எடுத்தான்."

"எப்படி?" என்றான் நிக்கானோர். அவனுக்கு உண்மையில் கேட்கவேண்டும் என்றுகூட இல்லை.

"ரெண்டு மணிக்கு வந்தான். பள்ளத்தாக்குப் பக்கமிருந்து. மராஸ் பிரிவுல காரை விட்டுட்டு நடந்து வந்தான், ஷூவெல்லாம் சேறு. என் காரை விடுங்க, அப்புறம் பேசலாம்னான். உன் கொம்மாத்ரே எழுந்து நின்னா பாரு."

பொனிஃபாசியா கொஞ்ச தூரத்தில் தனியாக நின்றிருந்தாள். அவள் கொண்டாடவில்லை. லியாந்த்ரோதான் அவள் சொன்னதைச் சொல்லிக்காட்டினான். "'எங்க பிள்ளையோட பரீட்சையையே நிறுத்திட்டோம் ஐயா. அதோ கிடக்கு பாருங்க சைக்கிள். நான் தலை பிடிச்சு ஞானஸ்நானம் எடுத்த பிள்ளை. சைக்கிளும் போகக் கூடாதுன்னு எழுதினது அவ அப்பன். அவன் கையாலயே காத்தைப் பிடுங்கிட்டு நடந்து போயிருக்கான். இதெல்லாம் பண்ணினவங்க உங்க காருக்கா கல்லை எடுக்கப்போறோம்?'ன்னா. அந்த மனுஷன் ரொம்ப நேரம் சைக்கிளையே பாத்தான். அப்புறம்தான் பேனாவைக் கேட்டான்."

மறுபடி கைதட்டினார்கள். யாரோ கோப்பையை நிக்கானோரின் கையில் திணித்தார்கள். ஊரே அவனைப் பார்த்துச் சிரித்தது. இந்தத் தடவை கேலிச் சிரிப்பு இல்லை. அவன் எத்தனையோ கூட்டத்தில் எழுந்து நின்று ஏங்கிய சிரிப்பு அது. தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்தான். வேறென்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

பொனிஃபாசியா வந்தாள். தொப்பியிலிருந்து நாலு வால்வையும் பொறுக்கி அவன் உள்ளங்கையில் வைத்தாள். யெரால்தினைக் கட்டிக்கொள்ளக் கையை நீட்டி, பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். யெரால்தினே ஒரு அடி முன்னால் வந்து அவள் தோளில் தலையை வைத்தாள்.

"இன்னைக்கு நடந்ததை ஊர்ப் புத்தகத்துல எழுதணும்" என்று லியாந்த்ரோ சத்தமாகச் சொன்னான். கள் இறங்கிய அவன் கை நேராக நிற்கவில்லை. "என் எழுத்து இப்ப எனக்கே புரியாது. படிச்ச பிள்ளை எழுதட்டும்."

எல்லோரும் ஆமோதித்தார்கள். யாருக்கும் அதில் தப்பாக ஒன்றும் தோன்றவில்லை. யெரால்தின் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து புத்தகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டாள். பையைத் துழாவி அந்தக் கறுப்புப் பேனாவை எடுத்தாள். மூடியின் மேல் சுற்றியிருந்த கடைத் தாளைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. பிரித்தாள்.

லியாந்த்ரோ சொல்லச் சொல்ல எழுதினாள். தேதி. பதினோரு ஊரின் பெயர்கள். ஏரித் தண்ணீர் பற்றி அதிகாரி கையெழுத்திட்டது. "எந்த வாகனமும், எந்த சைக்கிளும் கடந்து போகவில்லை." நிக்கானோர் கொண்டுவந்த தீர்மானத்துக்கு ஊர் நன்றி தெரிவிப்பது. அவள் எழுத்து அச்சடித்தது போல இருக்கிறது என்று பின்னால் நின்று பார்த்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

நிமிர்ந்தாள். "என் பேரும் வரணுமா?"

"வரணும்" என்றார்கள் நாலைந்து பேர். "உன்னாலதானே ஜெயிச்சோம்."

அவள் மறுபடி குனிந்தாள். வேகமாக எழுதிக்கொண்டு வந்தவள், தன் பெயர் வந்ததும் நிதானித்தாள். விடைத்தாளின் முதல் வரியில் கட்டத்துக்கு ஒரு எழுத்தாகப் போட மாசக்கணக்கில் பழகி வைத்திருந்தாளே, அப்படியே, பெரிய எழுத்தில், இடைவெளி விட்டு, முழுப் பெயரையும் எழுதினாள். கீழே ஒரு கோடு போட்டாள்.

பிறகு புத்தகத்தைத் திருப்பி, பேனாவை அவனிடம் நீட்டினாள்.

"இங்க போடுங்கப்பா."

நிக்கானோர் நாலு வால்வையும் இடது கைக்கு மாற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.